புபுகே ஏரியும் நான் மறைத்த எட்டு நாட்களும்

தம்பி,

நீ பிரிஸ்பேனில் போய் இறங்கிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. இந்தப் பன்னிரண்டு நாளும் அப்பா வேலையால் வந்தவுடன் சாப்பாட்டு மேசையில் லாப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உனக்காக ஏரி தேடுகிறார். நீ கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். நீ பிறந்ததிலிருந்து தூண்டிலைத் தொட்டதில்லை என்பதும் தெரியும். ஆனாலும் அவர் தேடுகிறார். உன் வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலக் கார் ஓட்டத்தில் அணை கட்டிய பெரிய ஏரிகள் இருக்கின்றனவாம். அவற்றில் பாஸ் மீனை விட்டு வளர்க்கிறார்களாம். வருடம் முழுக்கப் பிடிக்கலாம், ஆனால் அதற்கென்று தனி அனுமதிச்சீட்டு எடுக்கவேண்டும். ஆற்றில் இருக்கும் பாஸ் அப்படியில்லை. அது குளிர் மாதங்களில் முட்டையிடுவதற்காக உப்புத்தண்ணீர்ப் பக்கம் இறங்கும், அந்த மாதங்களில் ஆற்றில் அதைப் பிடிப்பது தடை. இதையெல்லாம் அவர் எனக்கு வாசித்துக் காட்டுகிறார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டு 'ஓம், ஓம்' என்கிறேன். ஒரு வருடத்துக்கு முன் இப்படி ஒரு மாலையை யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

நான் எழுத வந்தது மீனைப் பற்றி அல்ல. ஆனால் மீனைச் சொல்லாமல் அந்த விஷயத்துக்குப் போகவும் முடியாது. நீ ஒன்பது வயதில் இந்த நியூசிலாந்துக்கு வந்தவன். தமிழ் வாசிப்பாய், ஆனால் மெதுவாக, உதட்டை அசைத்து அசைத்து வாசிப்பாய். போனில் சொல்லாமல் தமிழில் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். இதை நீ அவசரமாக வாசித்துத் தள்ளிவிடக்கூடாது.

இந்த ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கோயிலில் செல்வியைக் கண்டேன். உனக்கு அவளைத் தெரியும். டக்கபுனாவில் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறவள். அவள் என்னை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய், "அக்கா, குறை நினைக்காதேங்கோ. அண்ணையின்ர காரை மூண்டு சனிக்கிழமையா எங்கட ஆஸ்பத்திரி ரோட்டில காணுறன். ஆருக்கும் சுகமில்லையே?" என்றாள்.

அப்பா சனிக்கிழமைகளில் ஓவர்டைம் வேலைக்குப் போவதாகத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்? இந்த வருடம் அவர் மெலிந்தும் இருந்தார். பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டதை நான் பார்த்திருந்தேன். பெரியப்பா இரண்டு சிறுநீரகமும் பழுதாகி என்ன பாடு பட்டார் என்று நீ அறிவாய். அன்று பின்னேரம் அப்பாவின் உடுப்பைத் தோய்க்க எடுத்தபோது காற்சட்டைப் பையில் ஒரு துண்டுக் கடதாசி இருந்தது. அவருடைய கையெழுத்துத்தான். 'P - வருசம் முழுக்கத் திறப்பு. R - ஒக்டோபர் வரை மூடு. T - அதுவும் மூடு.' அவ்வளவுதான். P என்பது ஒரு கிளினிக், R என்பது இன்னொரு கிளினிக், அங்கே ஒக்டோபர் வரை இடமில்லை என்று நான் முடிவு கட்டினேன். முப்பது வருடம் கூட வாழ்ந்த மனிதரிடம் 'இது என்ன?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் ஓம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அவரிடம் கேட்காமல் உனக்குப் போன் எடுத்தேன்.

அடுத்த நாள் புதன்கிழமை, நீ எல்லர்ஸ்லியில் வேலையில் இருந்தாய். மீட்டிங் அறையிலிருந்து வெளியே வந்து கதைத்தாய். "அப்பாவுக்கு ஏதோ வருத்தம் தம்பி. கிட்னி போலதான் கிடக்கு. என்னட்ட ஒளிக்கிறார். நீ அவரிட்டக் கேக்காத, உடைஞ்சு போவார்" என்றேன். ஊகித்ததை நடந்ததுபோலச் சொன்னேன். பிரிஸ்பேன் வேலைக்கு நீ ஓம் சொல்லவேண்டிய கிழமை அது. எனக்கு அது தெரியும். அந்த நேரத்தில் அதை நான் நினைக்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த நாள் நீ எடுத்து, "ஐ ஆம் நொட் கோயிங், அம்மா. அவங்களிட்ட யோசிக்க டைம் கேட்டிருக்கிறன், ஆனா போகேல்லை" என்றாய். நான் "ஐயோ, ஏன் ராசா" என்றேன். வாய் அப்படிச் சொன்னது. உள்ளுக்குள் ஏதோ ஒன்று ஆறுதலாகக் கால் நீட்டி உட்கார்ந்ததை நான் உணர்ந்தேன்.

சனிக்கிழமை காலையில் அப்பா காரில் வெளிக்கிட்டுப் போய் அரை மணித்தியாலத்தில் நானும் வெளிக்கிட்டேன். பாபகூராவில் ரயில் எடுத்து, நகர மையத்தில் இறங்கி, பாலம் கடந்து போகும் பஸ்ஸில் ஏறினேன். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பெண்ணிடம் அப்பாவின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அவள் கணினியில் தேடிவிட்டு அப்படி யாரும் இல்லை என்றாள். திரும்பவும் தேடச் சொன்னேன். திரும்பவும் இல்லை. வேறு பெயரில் பதிந்திருப்பாரோ என்றுகூட யோசித்தேன், அவ்வளவு பைத்தியம். நானே தேடிப் பார்ப்போம் என்று மேல்மாடிக்கு ஏறி, ஒரு ஜன்னலோரக் கதிரையில் போய் உட்கார்ந்தேன். கீழே ஏரி முழுக்கத் தெரிந்தது. சுற்றிவர வீடுகள், நடுவில் கறுப்புத் தண்ணீர். கரையில் நீல ஜாக்கெட் போட்ட ஒரு ஆள் கையை ஓங்கி எதையோ தண்ணீருக்குள் வீசிக்கொண்டிருந்தார். வீசிவிட்டு இடது தோளைத் தாழ்த்திக்கொண்டு நின்றார். அந்தத் தோளை எந்தக் கூட்டத்தில் கண்டாலும் எனக்குத் தெரியும்.

நான் றோட்டைக் கடந்து, புல்லில் சறுக்கி, கரைக்குப் போய்ச் சேர்ந்தேன். அவர் என்னைக் கண்டதும் தூண்டிலைப் பின்னால் மறைக்கப் பார்த்தார். தன்னைவிட உயரமான தூண்டிலை எங்கே மறைப்பது?

"உங்களுக்கு என்ன வருத்தம்?" என்றேன்.

"எனக்கென்ன வருத்தம்?"

"அப்ப இஞ்ச என்ன செய்யிறியள்?"

"மீன்..." என்று தொடங்கி, பிறகு, "பிடிச்சுட்டு விட்டுடுவன். கொல்லுறேல்லை. சத்தியமா" என்றார்.

நான் ஈரப் புல்லில் அப்படியே இருந்துவிட்டேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எது எது என்று எனக்கே தெரியவில்லை. அவர் நான் கோபத்தில் அழுகிறேன் என்று நினைத்து, "வாரும், வீட்ட போவம், இனி வரமாட்டன்" என்று தூண்டிலை மடக்கத் தொடங்கினார். "மடக்காதேங்கோ, நில்லுங்கோ, பிடியுங்கோ" என்று நான் சொன்னதை அவர் நம்புவதற்கு வெகு நேரம் எடுத்தது.

ஏன் ஒளித்தார் என்று மீன் கதை தெரிந்த அன்றைக்கு நீயும் கேட்டாய், நாங்கள் மழுப்பினோம். அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து வீட்டு கோவிந்த் அங்கிள் இருக்கிறாரே, பிஜியிலிருந்து வந்தவர், அவர் சில வருடங்களுக்கு முன் அப்பாவை மீன் பிடிக்க வரச்சொல்லிக் கூப்பிட்டார். அப்பாவுக்கு ஆசை. முகத்திலேயே தெரிந்தது. நான் கதவை மூடிவிட்டு, "எங்கட பகுதியில மீன் பிடிக்கிற ஆக்கள் ஆரும் இருந்தவையே? நீங்கள் போய்த் தொடங்குங்கோ" என்றேன். நாங்கள் சைவம் என்பதற்காகச் சொன்னதாக அப்பாவுக்கும் எனக்கும் ஒரு சாட்டு இருந்தது. ஆனால் உயிர்க்கொலையை நினைத்து நான் அதைச் சொல்லவில்லை தம்பி. ஊரில் கடற்கரைப் பக்கத்து மனிதர்களை எங்கள் வீடுகளில் எப்படித் தாழ்த்திக் கதைப்பார்களோ, அந்தக் குரல் அது. அகதியாக வந்து, எவர் எவரோ தந்த உடுப்பைப் போட்டு வாழ்ந்த பிறகும் அந்தக் குரலை நான் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். அப்பா அதற்குப் பிறகு தூண்டிலையும் பூட்ஸையும் கோவிந்த் அங்கிளின் கராஜில் வைத்துவிட்டு, எனக்கு ஓவர்டைம் என்று சொல்லிப் போகத் தொடங்கினார்.

அன்று கரையில் உட்கார்ந்து அவர் முழுக்கதையையும் சொன்னார். அமெரிக்கர்கள் பாஸ் பிடிக்கும் வீடியோக்களை வேலையில் சாப்பாட்டு நேரத்தில் பார்ப்பாராம். பார்த்துப் பார்த்து ஆசை முற்றி, தூண்டில் விற்கும் கடைக்குப் போய், "இங்க பாஸ் பிடிக்க எந்த ஏரி நல்லது?" என்று பெரிய ஆள்போலக் கேட்டாராம். கடைக்காரர் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துவிட்டு, "ஏரியில பாஸ் வேணுமெண்டால் பிளேன் எடுக்கவேணும்" என்றாராம். இங்கே ஏரிகளில் அந்த மீனே இல்லை, ட்ரவுட்தான் இருக்கிறது என்று சொல்லி, லைசன்ஸ் எடுக்கவைத்து, எந்த ஏரி எப்போது திறப்பு என்று விளங்கப்படுத்தியவரும் அவர்தான். அதைத்தான் அப்பா துண்டில் எழுதினார். P என்றால் புபுகே, நாங்கள் கரையில் உட்கார்ந்திருந்த அந்த ஏரி. அது வருடம் முழுக்கத் திறந்திருக்கும். R, T இரண்டும் தூரத்தில் ரொட்டோருவா நகரத்துப் பக்கத்து ஏரிகள். ஒக்டோபர் முதலாம் திகதிதான் திறக்கும். வார்ட்டும் இல்லை, கிளினிக்கும் இல்லை. மெலிந்தது கரையைச் சுற்றி நடந்து. நான் அன்றைக்குச் சிரித்ததுபோல நீ பிறந்த நாளுக்குப் பிறகு சிரித்ததாக ஞாபகம் இல்லை. அப்பா அன்று ஒன்றும் பிடிக்கவில்லை. பன்னிரண்டு மணி வரை இருந்தோம்.

இதுவரை உனக்குப் பெரும்பாலும் தெரியும். இனிமேல் எழுதுவது தெரியாது.

அந்தச் சனிக்கிழமை திரும்பி வரும்போது பாலத்தில் கார் ஊர்ந்தது. உனக்கு உடனே சொல்லவேண்டும் என்று கைப்பையிலிருந்து போனை எடுத்தேன். உன் பெயர் திரையில் இருந்தது. விரலை வைத்தால் போதும். அப்போதுதான் நினைத்தேன்: சொன்னால் இவன் போய்விடுவான். அப்பா, "தம்பிக்கு நான் மீன் கதையைச் சொல்லட்டே? சிரிப்பான்" என்றார். நீ என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று அவருக்குத் தெரியாது. உன்னிடம் நான் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. "நான் சொல்லுறன், நீங்கள் பேசாமல் இருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனைப் பைக்குள் வைத்தேன். அன்றிலிருந்து எட்டு நாள் வைத்திருந்தேன்.

அந்த எட்டு நாளில் நீ நகரத்து பிளாட்டிலிருந்து பையுடன் வீட்டுக்கு வந்துவிட்டாய். ஜூலைக் குளிரில் விடியற்காலையில் அப்பாவுக்கு முதல் எழும்பி அவருடைய கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டினாய். அவர் குப்பைத் தொட்டியைத் தள்ளப் போனால் பறித்துக்கொண்டு போனாய். அவர் உப்பு எடுத்தால் முகத்தைச் சுளித்தாய். "இவனுக்கு என்ன நடந்தது? என்னை முட்டை மாதிரித் தூக்கித் திரியிறான்" என்று அப்பா என்னிடம் கேட்டார். "பிள்ளைக்குப் பாசம்" என்றேன். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஷிப்ட் முடிந்ததும் ஓடி வந்து உனக்கு வெண்டிக்காய்ப் பால்கறியும் பருப்பும் வைத்தேன். நீ இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாய். நான் குற்ற உணர்ச்சியில் தவித்தேன் என்று எழுதினால் நல்லாயிருக்கும். ஆனால் நான் தவிக்கவில்லை. சந்தோசமாக இருந்தேன். பாட்டு முணுமுணுத்துக்கொண்டு சமைத்தேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுவது அதற்குத்தான். பொய்யை ஒரு பயத்தில் சொல்லலாம். ஆனால் நான் அதற்குள் வீடு கட்டி எட்டு நாள் குடியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ கோப்பை கழுவ ஸ்வெட்டரின் கையை மேலே இழுத்தாய். முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது.

"என்ன இது?"

"நத்திங், அம்மா. வெள்ளிக்கிழமை எடுத்தது. கழட்ட மறந்திட்டன்."

"என்ன எடுத்தது?"

"பிளட் டெஸ்ட்." நீ தண்ணீரை நிறுத்திவிட்டு, மெதுவாக, அப்பாவுக்குக் கேட்காமல் சொன்னாய்: "டொக்டரிட்டக் கேட்டனான். ஒரு கிட்னியோட ஒரு ஆள் வடிவா வாழலாமாம். முதல்ல என்ர குரூப் பாக்கச் சொன்னவர். அப்பா என்ன குரூப் எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

தம்பி, நான் இந்த வீட்டில் இருபது வருடமாகச் சமைக்கிறேன். அந்த இடத்தில் நின்று என் கையில் எத்தனையோ தடவை சுட்டிருக்கிறது, வெட்டியிருக்கிறது. அன்றுபோல ஒருநாளும் வலித்ததில்லை. உன்னைப் பிரியக்கூடாது என்பதற்காக உன் உடம்பிலிருந்து ஒரு துண்டை எடுக்கும் வரைக்கும் நான் பேசாமல் இருந்திருப்பேனா? இருந்திருக்கமாட்டேன். ஆனால் இரத்தம் எடுக்கும் வரைக்கும் இருந்திருக்கிறேன்.

"அப்பாவுக்கு ஒண்டுமில்லை" என்றேன். "ஒரு வருத்தமும் இல்லை. மீன் பிடிக்கப் போறவர். அவ்வளவுதான். இண்டைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது."

அந்தக் கடைசி வசனம் பொய். உண்மையைச் சொல்லும்போதுகூட அதற்கு ஒரு பொய்யைப் போர்த்தித்தான் உன் கையில் தந்தேன். நீ அதைக் கவனிக்கவில்லை. சிங்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாய். தோள் குலுங்கியது. பிறகு ஈரக்கையோடு பின்கதவால் ஓடிப்போய், கோவிந்த் அங்கிளின் கராஜில் தூண்டில் முள்ளுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த அப்பாவைக் கட்டிப்பிடித்தாய். அவர் "டேய், முள்ளு, முள்ளு, கவனம்!" என்று கத்தியது இங்கே சமையலறை வரைக்கும் கேட்டது. அவர் இன்றைக்கும் அதை மீன் கதையைக் கேட்டு உனக்கு வந்த சந்தோசம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பிரிஸ்பேன் வேலைக்காரர் உனக்குத் தந்த தவணை அடுத்த நாள் திங்கட்கிழமை மத்தியானத்தோடு முடிந்தது. அதுவும் எனக்குத் தெரியாது, நீ சொல்லவில்லை. காலையில் உன் பழைய அறைக்குள் இருந்து போன் எடுத்தாய். நான் நடையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். "யெஸ். நோ, எவ்ரிதிங்ஸ் ஓகே வித் மை டாட் நவ். யெஸ், ஐ ஆம் ஸ்டில் கீன்" என்று நீ சொன்ன குரல் கதவைத் தாண்டி வந்தது. அந்தக் குரலை நான் மாதக்கணக்கில் கேட்டிருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் முதன்முதலாக ஒரு பாலம் கட்டும் போட்டியில் வென்றுவிட்டு வந்து வாசலில் நின்று கத்தினாயே, அந்தக் குரல். நீ போவதால் எனக்கு உயிரே போகும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. மாறாக, நான் இழுத்துப் பிடித்திருந்த ஏதோ ஒரு கயிறு கையை விட்டுப் போனதுபோலவும், அதுவரை உள்ளங்கை எரிந்ததே எனக்குத் தெரியாமல் இருந்ததுபோலவும் இருந்தது. விமான நிலையத்தில் நான் அழவில்லை என்று நீ பகிடி பண்ணினாய். எனக்கு அன்று உண்மையாகவே நிம்மதிதான்.

புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் தாய்தானே, இரண்டு சொல்லுகிறேன். இனிமேல் நான் போன் எடுத்து யாருக்கோ சுகமில்லை என்று அழுதால், நம்பு, ஆனால் அந்த ஆளிடமே நேரே கேள். நான் வேண்டாமென்று தடுத்தாலும் கேள். அன்றைக்கு நீ அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் வண்டவாளம் அன்றைக்கே வெளியில் வந்திருக்கும், உன் கையில் ஊசி ஏறியிருக்காது. மற்றது, நாளைக்கு உனக்கென்று ஒரு வீடும் துணையும் வரும். அவள் எதையாவது ஆசையாகச் சொல்லும்போது, அது உனக்கு எவ்வளவு வேடிக்கையாகத் தெரிந்தாலும், உன் முகத்தைக் கவனித்துக்கொள். நான் கதவடியில் சொன்ன ஒரு வசனத்துக்காக ஒரு நல்ல மனிதர் தன் பூட்ஸைப் பக்கத்து வீட்டில் ஒளித்து வைத்து வாழ்ந்தார். இப்போது அந்த பூட்ஸ் எங்கள் முன்வாசலில் சேற்றோடு கிடக்கிறது. நான்தான் அங்கே வைக்கச் சொன்னேன். ஒக்டோபர் முதலாம் திகதிக்கு அவர் லீவு போட்டிருக்கிறார். நானும் கூடப் போகிறேன். எனக்கு மீன் பிடிக்க விருப்பமில்லை, பிளாஸ்க்கில் தேத்தண்ணியோடு பக்கத்தில் இருக்கத்தான்.

இதுவரை எழுதியதை, உறையில் போடமுன் அப்பாவிடம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவருக்கு எட்டு நாள் கதை தெரியாது, நீ கிட்னி தர நினைத்ததும் தெரியாது. கேட்டு முடித்தபின், "எனக்காக அவன் ஊசி குத்திக்கொண்டவனோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். எழும்பி வெளியே போய் வேலியடியில் நின்றார். நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து முகத்தைத் துடைத்துவிட்டு, "தபாற்கந்தோர் அஞ்சு மணிக்குப் பூட்டுவாங்கள், வெளிக்கிடும்" என்றார்.

நீ போனதிலிருந்து மூன்று தரம் போன் எடுத்தாய். மூன்று தரமும் நான் "அடுப்பில கறி கிடக்கு" என்று சொல்லிப் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. இந்தக் கடிதம் வந்து சேர்ந்ததும் உனக்குக் கோபம் வரலாம். வந்தால் அந்தக் கோபத்தோடேயே எடு, இங்கிலிஷில் வேண்டுமானாலும் திட்டு. இந்த முறை நான் போனைக் கொடுக்கமாட்டேன்.

அம்மா